நர்சிங் ஹோம் வெளியேறச் சொன்னால்: அமெரிக்காவில் பெற்றோரைச் சேர்த்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் வயதான தாயையோ தந்தையையோ முதன்முறையாக நர்சிங் ஹோமில் சேர்த்திருக்கும் குடும்பங்கள், சில வாரங்களிலேயே ஒரு செய்தியைக் கேட்க நேரிடுகிறது: "வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, அம்மாவை அழைத்துக்கொண்டு போக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்." சொல்பவர் அங்குள்ள சமூகப் பணியாளராகவோ கணக்குப் பிரிவைச் சேர்ந்தவராகவோ இருப்பார், மரியாதையாகத்தான் சொல்வார். ஒரு நிறுவனம் சொல்கிறதென்றால் அது சட்டப்படிதான் இருக்கும் என்று நம்பி, நம்மில் பலர் அன்றைக்கே அலுவலகத்தில் விடுப்பு கேட்டு, வீட்டில் ஓர் அறையை ஒழிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் அந்த அவசரத்துக்குத் தேவையே இல்லை. வாயால் சொன்னது வெளியேற்றம் ஆகாது. எழுத்தில் ஓர் அறிவிப்பு, அதில் சட்டம் ஏற்கும் ஒரு காரணம், அந்தக் காரணத்தை எதிர்த்து முறையிட ஒரு வழி ஆகிய மூன்றையும் பெறுவது அங்கே தங்கியிருக்கும் முதியவரின் உரிமை. அந்த உரிமையைப் பயன்படுத்த நாள்கணக்கில்தான் அவகாசம் உண்டு என்பதால், கடிதம் கைக்கு வரும் முன்பே இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எந்த இடங்களுக்கு இது பொருந்தும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1987இல் இயற்றப்பட்ட நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டமும் அதன்கீழ் வகுக்கப்பட்ட கூட்டரசு விதிகளும், மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) அல்லது மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவி) திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற நர்சிங் ஹோம்களைக் கட்டுப்படுத்துகின்றன. நாட்டில் சுமார் 15,000 நர்சிங் ஹோம்கள் உள்ளன; அவற்றில் ஏறக்குறைய எல்லாமே இந்த அங்கீகாரம் பெற்றவை. சொந்தப் பணத்தில் தங்கியிருப்பவருக்கும் இதே பாதுகாப்பு உண்டு. ஆனால் அசிஸ்டட் லிவிங் எனப்படும், ஓரளவு தாமாக இயங்கக்கூடிய முதியோருக்கான விடுதிகளுக்கு இந்த விதிகள் பொருந்தா. அவற்றை அந்தந்த மாநிலச் சட்டமே ஆள்கிறது. பாதுகாப்பும் பொதுவாகக் குறைவு. எனவே உங்கள் பெற்றோர் இருக்கும் இடம் எந்த வகை உரிமம் பெற்றது என்பதை முதலில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

கையில் உள்ள காகிதம் எது?

குழப்பத்தில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு அறிவிப்புகள் உள்ளன. ஒன்று, மெடிகேர் இனிப் பணம் தராது என்று சொல்வது. மற்றொன்று, நர்சிங் ஹோம் உங்களை வெளியேற்றுகிறது என்று சொல்வது. முதலாவது வந்தாலே இரண்டாவதும் நடந்துவிட்டதாக நிறுவனத்தில் சிலர் பேசுவார்கள். நாமும் அப்படியே எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் மெடிகேர் பணம் நிற்பது, வெளியேற்றுவதற்குச் சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்றல்ல. பணம் நின்ற பிறகும் அந்த அறையில் தங்கியிருக்க முதியவருக்கு உரிமை உண்டு; அடுத்து யார் பணம் கட்டுவது என்பதே அப்போது எழும் கேள்வி. கைப்பணமாகவோ, நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடாகவோ, தகுதி இருந்தால் மெடிகெய்டாகவோ அது இருக்கலாம்.

மருத்துவமனையில் உள்நோயாளியாகக் குறைந்தது 3 நாள் இருந்துவிட்டு வருபவருக்கு, மெடிகேர் ஒரு பயன்காலத்தில் (மருத்துவமனையில் சேர்வதோடு தொடங்கும் கணக்குக் காலம்) அதிகபட்சம் 100 நாள் வரை நர்சிங் ஹோம் செலவை ஏற்கிறது. முதல் 20 நாளுக்கு முழுமையாகவும், 21ஆம் நாளிலிருந்து தினமும் ஒரு பங்கை நோயாளி கட்டவேண்டும் என்ற நிபந்தனையோடும் அது ஏற்கிறது. 100 நாளும் தானாகக் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். தினமும் தேர்ச்சி பெற்ற செவிலியர் கவனிப்போ, இயன்முறை சிகிச்சை போன்ற பயிற்சியோ தேவைப்படும் வரைதான் அது நீடிக்கும். அந்தத் தேவை முடிந்துவிட்டதாகக் கருதும்போது, சேவை நிற்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பாக, சி.எம்.எஸ். 10123 என்று எண்ணிடப்பட்ட ஒரு படிவத்தைத் தந்து கையெழுத்துக் கேட்பார்கள். பெற்றுக்கொண்டதற்கான அடையாளமே அந்தக் கையெழுத்து. முடிவுக்கு இசைந்ததாக அது பொருள்படாது. ஆகவே தயங்காமல் கையெழுத்திட்டு, நாளையும் நேரத்தையும் பக்கத்தில் எழுதி, பிரதி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தப் படிவத்தை எதிர்த்து முறையிடும் இடம், இத்தகைய முடிவுகளை மறுபரிசீலனை செய்யும் கியூ.ஐ.ஓ. எனப்படும் தனி அமைப்பு. அதன் தொலைபேசி எண் படிவத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். சேவை முடியும் நாளாகக் குறிக்கப்பட்டுள்ள நாளுக்கு முந்தைய நாள் நண்பகலுக்குள் அழைத்துச் சொல்லிவிட வேண்டும். இதற்கு வழக்கறிஞர் வேண்டாம், மனு எழுத வேண்டாம், ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அழைத்த பிறகு, சேவையை ஏன் நிறுத்துகிறார்கள் என்ற விரிவான விளக்கத்தை எழுத்தில் தரவேண்டிய கடமை எதிர்த்தரப்புக்கு வருகிறது. முடிவு சில நாட்களுக்குள் தெரிந்துவிடும். சாதகமாக வராவிட்டால், குறிக்கப்பட்ட நாளுக்குப் பின் தங்கிய நாட்களின் செலவு குடும்பத்தின் தலையில் விழக்கூடும் என்பதையும் கணக்கில் வைத்திருங்கள்.

இந்த முறையீட்டில் அடிக்கடி எதிர்கொள்ளும் வாதம், "இனி முன்னேற்றம் இல்லை, இருக்கும் நிலையிலேயே நிற்கிறார்" என்பது. முன்னேற்றம் இல்லை என்பது மட்டுமே மெடிகேர் உதவியை நிறுத்தப் போதிய காரணமாகாது. ஜிம்மோ எனப்படும் வழக்கில் 2013இல் ஏற்கப்பட்ட சமரச உடன்பாடு இதைத் தெளிவாக்கியது: இருக்கும் நிலையைக் காப்பதற்கும் மேலும் மோசமாவதைத் தடுப்பதற்கும் தேர்ச்சி பெற்றவரின் கவனிப்பு தேவையென்றால், அதற்கும் மெடிகேர் பணம் தரவேண்டும். தொலைபேசியில் முறையிடும்போது இந்த வழக்கின் பெயரைச் சொல்லுங்கள். தந்தையைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருக்கிறது, விழுங்குவதில் சிரமம் இருக்கிறது என்பவை போன்ற நேரில் கண்ட செய்திகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெளியேற்ற அறிவிப்பை வரிவரியாகப் படித்தல்

நர்சிங் ஹோம் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக வெளியேற்றச் சட்டம் ஆறு காரணங்களையே ஏற்கிறது. அவருடைய தேவையை அந்த இடத்தால் நிறைவேற்ற முடியாமல், அவர் நலனுக்காகவே மாற்றவேண்டியிருப்பது, அங்கே தங்கவேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு உடல்நிலை தேறியிருப்பது, அவருடைய உடல்நிலையாலோ நடத்தையாலோ மற்றவர்களின் பாதுகாப்புக்கு ஆபத்து நேர்வது, மற்றவர்களின் உடல்நலத்துக்கு ஆபத்து நேர்வது, முறையாகத் தெரிவித்த பிறகும் பணம் கட்டாதிருப்பது, நிறுவனமே மூடப்படுவது. இவற்றுக்குள் அடங்காத எதுவும் காரணமாகாது. "குடும்பத்தார் அடிக்கடி புகார் சொல்கிறார்கள்", "எங்களிடம் ஆள் குறைவு", "மெடிகெய்டுக்கு மாறப் போகிறீர்கள்" என்பவை எவையும் சட்டத்தில் இல்லை.

முதல் இரண்டு காரணங்களைச் சொன்னால், முதியவரைக் கவனிக்கும் மருத்துவரே அதை மருத்துவக் கோப்பில் பதிவுசெய்திருக்க வேண்டும். ஆபத்து என்று சொன்னால் ஒரு மருத்துவரின் பதிவு வேண்டும். தேவையை நிறைவேற்ற முடியவில்லை என்று சொல்லும் நிறுவனம், எந்தத் தேவை, அதற்காக என்னென்ன முயன்றது, போகப்போகும் இடத்தில் அதற்கு என்ன வசதி இருக்கிறது என்பதையும் எழுதியிருக்க வேண்டும். கோப்பைக் கேட்டுப் பார்க்கும் உரிமை முதியவருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் உண்டு. விடுமுறை நாட்கள் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் காட்டவேண்டும். முன்கூட்டிக் கேட்டால் 2 வேலை நாட்களில் பிரதி தரவேண்டும். கேட்பதை மின்னஞ்சலில் கேளுங்கள். பல வழக்குகளில் கடிதம் சொல்லும் காரணத்துக்குக் கோப்பில் ஆதாரமே இருப்பதில்லை.

நடத்தையைக் காரணமாகக் காட்டும் கடிதங்களில் நம் குடும்பங்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டும். மறதிநோய் முற்றிய நிலையில் பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் நழுவி, தாய்மொழி மட்டும் எஞ்சி நிற்பவர்கள் உண்டு. வலிக்கிறது என்றோ கழிவறைக்குப் போகவேண்டும் என்றோ தமிழில் திரும்பத் திரும்பச் சொல்லி, யாரும் புரிந்துகொள்ளாமல், கடைசியில் உதவியாளரின் கையைத் தட்டிவிடும் ஒரு பாட்டியைப் பற்றிக் கோப்பில் ஏறும் குறிப்பு "பராமரிப்பை எதிர்க்கிறார், வன்முறை" என்பதாகவே இருக்கும். அந்தக் குறிப்பு எந்த நாள், எந்த நேரம், மொழிபெயர்ப்பாளர் எவரையாவது அழைத்தார்களா என்று கேளுங்கள். புரிந்துகொள்ள முயலாத நிறுவனம், தேவையை நிறைவேற்ற முயன்றதாகச் சொல்ல முடியாது.

அடுத்து நாளைப் பாருங்கள். வெளியேற்ற நாளுக்குக் குறைந்தது 30 நாள் முன்பாக அறிவிப்பு கைக்கு வந்திருக்க வேண்டும். பிறருக்கு ஆபத்து, உடனடி மருத்துவத் தேவை, விரைவில் அனுப்பும் அளவுக்கு உடல் தேறியது, அல்லது அங்கே வந்து இன்னும் 30 நாள் ஆகவில்லை என்ற நிலைகளில் மட்டும் இது சுருங்கும். அப்போதும் இயன்ற அளவு முன்கூட்டியே தரவேண்டும். நிறுவனம் மூடப்படுவதென்றால் 60 நாள். அறிவிப்பு முதியவருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் தனித்தனியே, அவர்களுக்குப் புரியும் மொழியிலும் முறையிலும் வரவேண்டும். முதியோரின் குறைகளைக் கேட்டு அவர்கள் சார்பில் பேசும் மாநில ஓம்பட்ஸ்மன் அலுவலகத்துக்கு ஒரு பிரதி போயிருக்க வேண்டும். பிரதிநிதி நீங்கள்தான் என்பதைச் சேர்க்கும் நாளிலேயே எழுத்தில் கொடுத்து, உங்கள் மின்னஞ்சலையும் பதிவுசெய்யுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கடிதம் கட்டிலருகே மேசை இழுப்பறையில் கிடக்கும். அம்மா அதை உணவுப் பட்டியல் என்று நினைத்திருப்பார்.

கடிதத்துக்குள் இருக்கவேண்டியவை இவை: காரணம், நாள், எங்கே அனுப்பப் போகிறார்கள் என்ற இடம், முறையீட்டு உரிமை, முறையீட்டைப் பெறும் அலுவலகத்தின் பெயர், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண், படிவம் பெறவும் நிரப்பவும் எங்கே உதவி கிடைக்கும் என்ற தகவல், ஓம்பட்ஸ்மன் தொடர்பு விவரம். மனநலக் குறைபாடோ அறிவுத்திறன் குறைபாடோ உள்ளவர் என்றால் அவர்களுக்கான பாதுகாப்பு அமைப்பின் விவரமும் வேண்டும். இவற்றுள் பல கடிதங்கள் தவறுவது இடத்தில்தான். "மகன் வீடு" என்று மகனைக் கேட்காமலேயே எழுதிவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் படிக்கட்டு இருக்கிறது, பகலில் யாரும் இல்லை, சக்கர நாற்காலி குளியலறைக்குள் நுழையாது என்றால், அது பாதுகாப்பான இடமல்ல என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். பெற்றோரை உடனே வீட்டுக்கு அழைத்துக்கொள்ள முடியாது என்று சொல்வது நம் மனத்துக்குக் கடினமானது. அதைச் சொல்வதால் பிள்ளையின் அன்பு குறைந்துவிடாது. பாதுகாப்பான, முறையான மாற்றத்துக்கு ஆயத்தம் செய்யும் கடமை நிறுவனத்துடையது.

மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டுக் கதவை மூடுவது

கடிதமே இல்லாமல் நடக்கும் வெளியேற்றம் ஒன்று உண்டு; எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான். காய்ச்சல் என்றோ கொந்தளிப்பு என்றோ முதியவரை ஆம்புலன்சில் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். இரண்டு மூன்று நாளில் அங்கே குணமான பிறகு, "படுக்கை காலியில்லை, திரும்ப எடுத்துக்கொள்ள இயலாது" என்பார்கள். விதிகளை மீறும் வெளியேற்றங்கள் ஓம்பட்ஸ்மன்களுக்கு வரும் புகார்களில் மிக அதிகமானவற்றுள் ஒன்று என்று மெடிகேர் நிர்வாகமே 2017 டிசம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையில் குறிப்பிட்டது. மருத்துவமனைக்கு அனுப்பும்போது, படுக்கையை எத்தனை நாள் ஒதுக்கி வைப்பார்கள் என்பதை எழுத்தில் தரவேண்டும். அந்த நாட்கள் கடந்துவிட்டாலும், அந்தக் கவனிப்பு இன்னும் தேவைப்படுகிற, மெடிகேர் அல்லது மெடிகெய்ட் தகுதி உள்ள முதியவரை, முன்பிருந்த அறை காலியாக இருந்தால் அதற்கும், இல்லாவிட்டால் இருவர் தங்கும் அறையில் முதலில் காலியாகும் படுக்கைக்கும் திரும்பச் சேர்க்கவேண்டும். திரும்ப எடுக்க மறுத்தால் அதுவும் வெளியேற்றமே. காரணம், கடிதம், முறையீட்டு உரிமை எல்லாம் அதற்கும் உண்டு. இந்த நிலையில் மருத்துவமனையின் சமூகப் பணியாளர் உங்களுக்குத் துணையாக இருப்பார். அவர்களுக்கும் படுக்கை காலியாக வேண்டும். மறுப்பை யார், எப்போது, என்ன சொல்லித் தெரிவித்தார் என்பதை அவருடைய பதிவில் ஏற்றச் சொல்லுங்கள்.

முறையிடும் வழி

கடிதம் வந்த அன்றே இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். ஒன்று, மாநில நீண்டகாலப் பராமரிப்பு ஓம்பட்ஸ்மனை அழைப்பது. ஒவ்வொரு மாநிலத்திலும் இந்த அலுவலகம் இருக்கவேண்டும் என்பது 1978 முதல் கூட்டரசுச் சட்டம். இவர்கள் முதியவரின் பக்கம் நிற்பவர்கள், கட்டணம் கிடையாது, அவருடைய இசைவின்றி எதையும் வெளியே சொல்லமாட்டார்கள். எண் தெரியாவிட்டால் எல்டர்கேர் லொகேட்டர் என்ற தேசியச் சேவையை 1-800-677-1116 என்ற எண்ணில் கேட்கலாம். ஓம்பட்ஸ்மன் நிறுவனத்துக்கு வந்து பேசிய அளவிலேயே கடிதம் திரும்பப் பெறப்படுவதும் உண்டு.

மற்றொன்று, முறையீட்டை உடனே அனுப்புவது. ஓம்பட்ஸ்மன் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதற்காக இதைத் தள்ளிப்போடக் கூடாது. மாநில ஆய்வு அலுவலகத்தில் தரும் புகாரும் இதற்கு ஈடாகாது. புகார் நிறுவனத்தை விசாரிக்க வைக்கும், வெளியேற்றத்தை நிறுத்தாது. நிறுத்தி வைப்பது முறையீடு மட்டுமே. முறையீடு நிலுவையில் இருக்கும் வரை முதியவரை வெளியேற்றக் கூடாது என்பது விதி. அங்கே வைத்திருந்தால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்று நிறுவனம் பதிவுசெய்து காட்டினால் மட்டுமே விலக்கு. இந்தத் தடை கிடைக்க எத்தனை நாளுக்குள் முறையிட வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆகவே கடிதத்தில் உள்ள காலக்கெடுவை நம்பி இருந்துவிடாமல், வெளியேற்ற நாளுக்கு வெகுமுன்பே, முடிந்தால் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். நான்கு வரி போதும்: முதியவரின் பெயர், நிறுவனத்தின் பெயர், கடிதத்தின் நாள், "இந்த வெளியேற்றத்தை எதிர்த்து விசாரணை கோருகிறேன், முடிவு வரும் வரை அவர் அங்கேயே இருக்கவேண்டும்." கூடவே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்ற ஒரு வரியையும் சேருங்கள், கூட்டரசு நிதி பெறும் அலுவலகங்கள் இதைக் கட்டணமின்றி ஏற்பாடு செய்யவேண்டியவை. பிள்ளையே மொழிபெயர்த்தால் அவர் சாட்சியாகப் பேசும்போது இரண்டும் குழம்பிவிடும். கடிதத்தை மின்னஞ்சலிலோ தொலைநகலிலோ அனுப்பி, அனுப்பிய சான்றை வைத்துக்கொண்டு, பிரதியை நிறுவனத்தின் நிர்வாகிக்கும் கொடுங்கள்.

விசாரணை பெரும்பாலும் தொலைபேசியிலோ காணொளியிலோ நடக்கும். நிறுவனத்துக்குத் தொடர்பில்லாத ஓர் அதிகாரி இருதரப்பையும் கேட்பார். வழக்கறிஞரோ, உறவினரோ, நண்பரோ முதியவர் சார்பில் பேசலாம். கோப்பைப் பார்வையிடவும், சாட்சிகளை அழைக்கவும், எதிர்த்தரப்பைக் குறுக்கே கேட்கவும் உரிமை உண்டு. 60 வயதைக் கடந்தவர்களுக்கு மூத்த அமெரிக்கர் சட்டத்தின்கீழ் இலவசச் சட்ட உதவி தரும் அமைப்புகள் எல்லா மாநிலங்களிலும் உள்ளன. ஓம்பட்ஸ்மனே வழி சொல்வார். நீங்கள் தயார்செய்ய வேண்டியது உணர்ச்சிமிக்க பேச்சை அல்ல. கடிதத்தின் குறைகளை ஒவ்வொன்றாகக் காட்டும் ஒரு பக்கம், கோப்பில் ஆதாரம் இல்லாத இடங்கள், பராமரிப்புத் திட்டம், முடிந்தால் வெளி மருத்துவர் ஒருவரின் கடிதம் ஆகியவை போதும்.

பணத்தைக் காரணம் காட்டும்போது

கட்டணம் கட்டவில்லை என்ற காரணத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. மெடிகெய்டுக்கோ காப்பீட்டுக்கோ தேவையான ஆவணங்களைத் தரத் தவறினால், அல்லது அவர்கள் மறுத்த பிறகு முதியவரும் கட்ட மறுத்தால்தான் அது பொருந்தும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறதென்றால் அதன் ஒப்புகைச் சீட்டைக் காட்டுங்கள். ஒன்றை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்: பெற்றோர் கிரீன் கார்டில் வந்தவர்கள் என்றால், மெடிகெய்டுக்கு 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொதுவாக 5 ஆண்டுக் காத்திருப்பு உண்டு, சேர்க்கும் முன்பே அதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

சேர்க்கும் நாளில் நீட்டப்படும் ஒப்பந்தத்தில் "பொறுப்பாளர்" என்ற இடத்தில் பிள்ளைகளைக் கையெழுத்திடச் சொல்வார்கள். மூன்றாவது ஆள் ஒருவர் தம் சொந்தப் பணத்திலிருந்து கட்டுவதாக உறுதியளிக்க வேண்டும் என்பதை, சேர்ப்பதற்கோ தொடர்ந்து தங்குவதற்கோ நிபந்தனையாக வைக்கக் கூடாது என்பது விதி. அம்மாவின் பணத்தைக் கையாளும் அதிகாரம் பெற்றவராக, அவர் பணத்திலிருந்து கட்டுவதற்கு மட்டும் கையெழுத்திடலாம்; அப்படியே பெயருக்குக் கீழே எழுதிவிடுங்கள். நடுவர் மன்றத்துக்கே போவேன், நீதிமன்றம் போகமாட்டேன் என்ற இணைப்புத் தாளிலும் கையெழுத்திடவேண்டிய கட்டாயம் இல்லை. இட்டுவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெறலாம்.

முடிவு வந்த பின்

முறையீட்டில் வென்றால் அறிவிப்பு செல்லாததாகிவிடும். அதே காரணத்தை வைத்து மீண்டும் ஒரு கடிதம் வராமலிருக்க, பராமரிப்புத் திட்டக் கூட்டம் ஒன்றைக் கேட்டு, எழுந்த சிக்கலுக்கான தீர்வை அந்தத் திட்டத்தில் எழுதச் செய்யுங்கள். மாவட்ட நிர்வாகம் போன்ற அரசு அமைப்புகள் நடத்தும் நர்சிங் ஹோமாக இருந்தால், கூட்டரசு நீதிமன்றத்துக்கும் போகலாம். இந்தியானாவில் மறதிநோயோடு வாழ்ந்த கோர்கி டலெவ்ஸ்கியின் குடும்பம், அவருக்குத் தேவையற்ற மனநல மருந்துகள் கொடுக்கப்பட்டதையும், முறையான அறிவிப்பின்றி அவரை வேறிடத்துக்கு மாற்ற முயன்றதையும் எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் இந்த உரிமைகளுக்காகக் குடும்பங்கள் வழக்குத் தொடரலாம் என்று தீர்ப்பளித்தது. டலெவ்ஸ்கி அதற்கு முன்பே 2021இல் இறந்துவிட்டார்.

தோற்றால் மேலே செல்லும் வழியும் அதற்கான காலக்கெடுவும் முடிவுக் கடிதத்திலேயே இருக்கும். முதியவர் போகத்தான் வேண்டும் என்றாகிவிட்டால், எழுத்திலான வெளியேற்றச் சுருக்கம், மருந்துப் பட்டியல், அடுத்த இடத்தில் தொடரவேண்டிய கவனிப்பு பற்றிய திட்டம் ஆகியவற்றைக் கையில் வாங்காமல் வண்டியில் ஏற்றாதீர்கள். புதிய இடத்தின் செவிலியரிடம் அவற்றின் பிரதியை நீங்களே நேரில் கொடுங்கள்.